பன்னிரண்டாவது படம்

போட்டோ ஸ்டூடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்றுதான் பெயர். எத்துப்பல்லை உள்ளே தள்ளுவாள், வழுக்கையில் முடி முளைக்க வைப்பாள், கண்ணை மூடிக்கொண்டு நின்ற மாப்பிள்ளைக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவாள். "அக்கா கை வெச்சா எருமைகூட அழகாயிடும்" என்று முதலாளி கேலி செய்வார். வருஷத்துக்கு ஒருமுறை அவள் திருட்டுத்தனமாகச் செய்யும் வேலையைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விட்டதில்லை.

அவள் தங்கை ஒன்பது வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். அதே காய்ச்சலில் அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்; கண் விழித்தபோது எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இதயம் பலவீனம், இப்போது சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். சின்னவளை வெளியூர் விடுதியில் சேர்த்துவிட்டோம் என்று அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னார். நாலு நாளைக்குச் சொன்ன பொய், படிப்பு, வேலை என்று சாக்கு மாறி மாறிப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்தார், பொய்யை மூத்தவள் தலையில் கட்டிவிட்டு!

மாடி அறையிலிருந்து அம்மாவால் இறங்க முடியாது. "வர முடியலைன்னா படமாவது அனுப்பச் சொல்லு" என்று முதல் வருஷமே பிடிவாதம் பிடித்தாள். அன்று தொடங்கியது. தங்கையின் ஒன்பது வயதுப் படத்தை எடுத்து, விழுந்திருந்த முன்பல்லை வைத்து, தாடையைக் கொஞ்சம் நீட்டினாள். மறு வருஷம் அந்தப் படத்தின் மேலேயே வேலை செய்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கடைசியாக முடித்த படத்திலிருந்துதான் அடுத்ததைத் தொடங்குவாள். பழைய படத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு மூக்கு எப்படியிருக்கும் என்று தெரியாதபோது கண்ணாடியில் பார்த்துத் தன் மூக்கை வைத்தாள். அக்கா தங்கைதானே, பெரிய வித்தியாசமா வந்துவிடப் போகிறது?

இப்படியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டியிருப்பாளோ. ஆனால் அப்பா செத்த பிறகு அம்மாவின் பேச்சு மாறிவிட்டது.

"பெத்த அப்பன் சாவுக்கே வராதவ, அவளும் ஒரு பொண்ணா? கல்நெஞ்சுக்காரி! அவ நல்லா இருப்பாளா?"

தினமும் இதே சாபம். சோறு ஊட்டும்போதும், தலை வாரிவிடும்போதும். செத்த குழந்தைக்கு இப்படி ஒரு ஏச்சா என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. சொன்னால் அம்மா தாங்குவாளா? சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையின் அந்த ஒன்பது வயதுப் படத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். இன்னொரு கையில் நெஞ்சுவலி மாத்திரை அட்டை. படியிலேயே இரண்டு முறை உட்கார்ந்தாள்.

"என்னடி, இந்த வருஷப் படம் வந்துடுச்சா?" அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

மூத்தவள் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"யாரு வீட்டுப் புள்ளடி இது?" என்றாள் அம்மா. "சப்பை மூக்கும் ஓட்டைப் பல்லுமா, நல்லாத்தான் இருக்கு. ஸ்டூடியோவுக்கு வந்த புள்ளையா?"

"அம்மா... நல்லா பாரு."

"பார்த்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச முகமா இல்லையே."

மூத்தவள் எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாகப் பதினொரு படம். மூன்றாவது வரைக்கும் ஏதோ கொஞ்சம் தங்கையின் சாயல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறாவதிலிருந்து கண், மூக்கு, உதடு எல்லாமே இவளுடையவை. தங்கை எங்குமே இல்லை. காய்ச்சல் கொன்றது ஒரு முறை. மீதியைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். ஐயோ, இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

"இதுதாம்மா சின்னவ."

"உளறாதே. சின்னவ அதோ இருக்கா."

"அது நான்."

அம்மா சுவரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை இவளைப் பார்த்தாள்.

"அப்போ சின்னவ எங்கடி?"

"செத்துட்டாம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ. அதே காய்ச்சல்ல."

அம்மா நெஞ்சைப் பிடிக்கவில்லை. மாத்திரையை நீட்டிய கையைத் தள்ளிவிட்டாள். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், விரலால் அந்த ஓட்டைப் பல்லைத் தடவினாள்.

"தெரியலையேடி," என்று அப்போதுதான் கதறினாள். "பெத்தவளுக்கு அடையாளம் தெரியலையேடி!"

மூத்தவள் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அழுதார்கள். பொழுது சாயும்வரை அந்தப் பழைய படத்தில் இது தங்கையின் மூக்கு, இது அவள் பல் என்று ஒவ்வொன்றாக மூத்தவள் அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.