மருமகன் வேலை செய்யும் கம்பெனி

விலை ஏறினால் வாடிக்கையாளர் கெட்டிக்காரர், இறங்கினால் நாங்கள் மடையர்கள். பங்குத் தரகர் தொழிலுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இலங்கையே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம், ஒரு தரகு நிறுவனத்தின் புத்தளம் கிளையில் ஆலோசகராக இருந்தவன் நான். அன்று பங்கை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

விற்கக் கூடாத பங்கு

கனமூலை ரிபாயா டீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஓய்வோடு வந்த பணம் முழுவதையும் கொழும்பில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் போட்டிருந்தார். அடுத்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக அவரிடம் இருந்தது அது மட்டும்தான். பங்கோ பாதியாக விழுந்திருந்தது. "கம்பெனியின் லாபத்தோடு ஒப்பிட்டால் இந்த விலையும் கூடுதல்தான், டீச்சர். பாதியையாவது விற்றுச் சின்னக் கம்பெனி ஒன்றில் போடுவோம்" என்றேன்.

கணக்கு அவருக்கு உடனே விளங்கியது. ஆனால் மருமகன் இர்ஷாத் வேலை செய்வது அந்தக் கம்பெனியில். அவர் சொல்லியா வாங்கினீர்கள் என்று கேட்டேன். இல்லையாம், கலியாணம் பேசி முடித்த வாரம் தாமாகவே வாங்கினாராம்.

"மருமகன்ட கம்பெனிய வித்துப்போட்டு, சம்பந்திமாருக்கு முன்னால நான் எப்படித் தம்பி நிமிர்ந்து நிக்கிற?"

வாசலில் நாய்

நான் காட்டியது சிலாபம் பக்கம் தென்னந்தும்பு ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி. கடன் இல்லை, டொலரில் வருமானம், வருடம் தவறாத பங்கிலாபம். பங்குகள் எல்லாம் சேர்ந்த விலை அதன் காணி நிலத்துக்கே காணாது. பெயர் தெரியாததால் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

கற்பிட்டி அந்தோனி அண்ணனிடமும் அதையே சொன்னேன். மூன்று படகு வைத்திருப்பவர். கண்ணால் பாராமல் வலைகூட வாங்காதவர். நேரே தொழிற்சாலைக்கே போய்விட்டார். கண்ணாடிக் கட்டடம் இல்லை, வரவேற்க ஆளில்லை, வாசலில் நாய் படுத்திருக்கிறது என்று திரும்பி வந்து அடுக்கினார். போச்சுடா என்று நினைத்தேன்.

"ஆனா தம்பி, ஏத்துறதுக்கு நாலு லொறி நிக்குது. நாய எழுப்பக்கூட ஒருத்தருக்கும் நேரமில்ல. எனக்கு வாங்குங்க."

ஜும்ஆ நேரம்

அந்தோனி அண்ணனின் கதையை டீச்சரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருக்கும் நேரம் பார்த்துக் குடையோடு வந்தார். கையெழுத்துப் போட்டதும் தாளைக் கவிழ்த்து வைத்தார். எனக்கே பாவமாக இருந்தது. பாதியை விற்றுத் தும்புக் கம்பெனிப் பங்கு வாங்கினோம்.

"மருமகனுக்கு மட்டும் தெரிய வாணாம். அல்லாஹ்கிட்ட நான் ஹஜ்ஜுல வெச்சே சொல்லிக்கிறன்."

பெருநாள் லீவு

தும்பு நன்றாக ஏறியது. மென்பொருள் இன்னும் இறங்கி அங்கேயே படுத்துவிட்டது. டீச்சரின் ஹஜ் பணம் சேர்ந்துவிட்டது. என் கால் தரையில் இல்லை. அந்த நேரம் பெருநாள் லீவில் ஊருக்கு வந்த இர்ஷாத், எங்கள் கிளைக்கே வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சேர், கம்பெனி எனக்குத் தந்த பங்க நான் போன வருசமே வித்திட்டன். மாமி பாவம், அதுலயே உசிர வெச்சிருக்காங்க. நான் சொன்னண்டு தெரியாம, அவங்களயும் கொஞ்சம் விக்கச் சொல்லுங்களேன்."

சந்தை எப்போது திரும்பும் என்று நான் அடித்துச் சொல்வேன், ஆனால் மாமியும் மருமகனும் ஒருவருக்கொருவர் வைக்கும் மரியாதையால் வரும் நட்டத்தைக் கணக்குப் பார்க்க எனக்கு எந்த வகுப்பிலும் படிப்பிக்கவில்லை.