அறுபத்து மூவர் வாரத்துச் சிவப்பு மை

1

லாரி கிளீனர், ஓட்டல் சர்வர், கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவன் என்று சுற்றிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கம் அது. எட்டாவதோடு நின்றவனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு உண்டு. இரண்டு வருஷம் வரை போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். பெயர் வந்தால் சிவப்பு மையில் 'திரும்பியவர்'. வராவிட்டால் நீல மையில் 'நல்லபடி இருக்கிறார்'.

முதல் நாளே செக்ரட்டரி சொன்னார்: "ஓய், யோசிக்கறது நம்ம வேலை இல்லை. பாத்து எழுதும், போதும்." கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

2

எத்திராஜ் கூட்டத்தில் பர்ஸ் அடித்து உள்ளே போனவர். ஜெயிலில் தையல் கற்று, மந்தைவெளியில் ஒரு கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் சிவப்பு மை படாமல் இருந்தால் சங்கம் ஒரு தையல் மெஷின் கொடுக்கும். ஒரு மாதம்தான் பாக்கி. பங்குனியில் ரிஜிஸ்டரில் அவர் பெயர் இருந்தது. சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி சரோஜா ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார், எங்கூட்டுக்காரு இன்னாத்த திருடினாருன்னு எழுதிக்கீது?"

"ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும்மா."

"அறுபத்து மூவருக்கு முன்னால வந்து இட்டுக்கினு போனாங்க. திருவிழா முடிஞ்சதும் உட்டாங்க. போன வருசம் ஊர்ல இல்லாங்காட்டி தப்பிச்சாரு. கேடி லிஸ்ட்ல பேர் கீற அல்லாரையும் வருசா வருசம் இப்டித்தான் குந்த வைக்கிறாங்க. அது திருட்டா, நைனா?"

செக்ரட்டரி பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "அவாவாளுக்கு ஏத்த மாதிரி வளைச்சுண்டு போனா கார்டு எதுக்கு?"

அவள் போனபின் கார்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். சிவப்பு மையில் பாதிக்குமேல் பங்குனியில் விழுந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போய், ரிஜிஸ்டர் எழுதும் ரைட்டரைக் கேட்டேன்.

"எத்திராஜ் என்ன திருடினான் சார்?"

"எங்கய்யா திருடினான்? திருடக்கூடாதுன்னுதானே உட்கார வெச்சோம்."

இதை அப்படியே செக்ரட்டரியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார்: "சரி, நீல மைக்காராளை நேர்ல போய்ப் பாத்தீரா?"

பார்த்ததில்லை. ஒரு மாதம் அடையாறு, தி.நகர், திருவல்லிக்கேணி என்று சைக்கிளில் அலைந்தேன். பலர் பிழைப்பில்தான் இருந்தார்கள். ஒருவர் வேறு ஊர் ஜெயிலில் இருந்தார். இரண்டு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் கார்டில் நல்லபடி இருந்தார்.

புதுக் கார்டு அடித்தோம். பிடித்தார்கள், தண்டனை ஆனது, மறுபடி சிறை, தெரியவில்லை என்று தனித்தனிக் கட்டம். எத்திராஜுக்கு முதல் கட்டத்தில் மட்டும் ஒரு டிக். மெஷின் கிடைத்தது.

3

அடுத்த பங்குனிக்கு முன், எத்திராஜை விட்டுவிடும்படி செக்ரட்டரி தம் கைப்பட ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைட்டர் படித்துவிட்டு, "எதனா ஆச்சுன்னா உன்னைத்தான் புடிப்போம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவன் திரும்பினானா என்று எழுதும்முன், எதைத் திரும்புவது என்கிறோம் என்று கேளுங்கள். பிறகு ஆளை நேரில் போய்ப் பாருங்கள்.

அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் எத்திராஜைப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி நின்றார். பல்லக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. கை இறங்கவில்லை.

"கைய எறக்குய்யா, நோவப் போவுது" என்றாள் சரோஜா.

"இருக்கட்டும்" என்றார். "அல்லாரும் பாக்கட்டும்."