கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்

ஹட்டன் சைக்கிள் கடை மெக்கானிக் அவர். கன்னத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். என் மவுண்டன் பைக்குக்கு இரண்டு ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்குகளில் எதை எடுப்பதென்று நான் குழம்ப, ஒன்றை மாட்டித் தந்தார். பிறகு, புது பிரேக்கைச் சோதிக்க அவர் எல்லாருக்கும் செய்வதுபோல, கடைக்கு முன்னாலிருந்த ஈரமான இறக்கத்தின் அடியில் போய் நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"வாங்க!"

"வெலகுங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அவர் அசையவில்லை. பிரேக்கை அழுத்தினேன். டயர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"பைத்தியமாங்க உங்களுக்கு?"

"நான் வெலகுவேன்னு தெரிஞ்சா நீங்க ஒழுங்கா புடிக்க மாட்டீங்க."

"இதையே எடுத்துக்கிறேன்."

"அவசரப்படாதீங்க. மத்ததையும் மாட்டிப் பாத்துருவோம்."

நான் மாட்ட விடவில்லை. மற்றது இதைவிட நல்லதா என்று இன்றுவரை தெரியாது. அவர் மட்டும் நான் இறங்கும் பொகவந்தலாவை ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.