புருஷோத்தமன் பெரிதாக்கிய முகம்

ஒரகடத்தில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை புருஷோத்தமனுடையது. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எந்த பேனரானாலும் அவன்தான். வாய் கொஞ்சம் நீளம். "கொசு சைஸுக்கு போட்டோ குடு, கம்பெனி பஸ் சைஸுக்கு தரேன்" என்பான். நான் சிரித்தால் முறைப்பான்.

அன்று முப்பிடாதி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இங்கே கம்பெனி வேலைக்கு வந்து, வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி இறந்துபோன இசக்கிதுரையின் அக்கா. பதினாறாம் நாளுக்குத் தம்பியின் படம் வேண்டும், ஆளுயரத்துக்கு. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பெரிதாக இருந்தால்தான் மகன் முகம் தெரியும்.

அவள் காட்டியது வாட்ஸ்அப் முகப்புப் படம் ஒன்று. நகக்கண் அளவு.

"வேற போட்டோ எதுவும் இல்லியாம்மா?"

எங்கே இருக்கும்? உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கம்பெனி வாசலில் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தினமும் பிய்ப்பானேன் என்று பையன்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இசக்கிதுரையும் விட்டுவிட்டான். ஊரில் இருப்பவை பள்ளிக்கூடக் காலத்துப் படங்கள். ஆதார் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புருஷோத்தமன் பெரிதாக்கினான். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஏஐ மென்பொருளில் போட்டான். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. வரிசையான பல்.

"இது எங்க தம்பி இல்லண்ணே. அவனுக்குத் தெத்துப்பல்லு."

மறுபடி போட்டான். ஒவ்வொரு முறையும் வேறு எவனோ வந்தான், அதே வரிசைப் பல்லோடு.

"போட்டோல இல்லாதத அதுவா வரைஞ்சிக்கினு வருதும்மா. நான் இன்னா பண்ணுவேன்?" புருஷோத்தமன் மவுஸைத் தள்ளி வைத்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள். படத்தைக் காட்டு, காட்டு என்று ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் முப்பிடாதி போனைத் திரைப் பக்கம் திருப்பினாள். அம்மா தன் போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"எய்யா, எம்புள்ள எப்படிச் சிரிக்கான் பாரு! இதையே போடச் சொல்லுட்டி."

முப்பிடாதி போனை வைத்துவிட்டு, "போட்டுருங்கண்ணே" என்றாள்.

மெஷின் நெற்றியிலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கியது. பல் வரிசை வந்ததும் அவள் அழுதுவிட்டாள்.

"அம்மைக்கு இனிமே இவந்தாம்ணே புள்ள. தெனமும் இந்த மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கும் அவன் மூஞ்சி மறந்துருமேண்ணே."