சித்தி எழுப்பிய சிறு மேடு

ரப்பர் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்து, குளுவாங் ரயிலடியிலிருந்து நடந்துபோய், காஹாங் பக்கத்துக் காட்டை வெட்டிக் குடியேறிய முதல் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. ரப்பர் கன்றுகள் முழங்கால் உயரம் வளர்வதற்குள், நாங்கள் வந்த பாதையோரத்து இடுகாடு நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைவிட நீண்டுவிட்டது. எல்லாம் காய்ச்சல் செய்த வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எந்த மேட்டில் யார் கிடக்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் வேறு பாடம் ஏது?

அதனால்தான் ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த சிறு மேடு உடனே கண்ணில் பட்டது. அந்த மாதம் லயத்தில் எந்தக் குழந்தையும் சாகவில்லை.

அம்மாவின் தங்கை அப்போதுதான் ஊரிலிருந்து கப்பலேறி வந்து எங்களோடு இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தேங்காய்ச் சிரட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு நழுவிவிடுவாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். அந்த மேட்டில் பாலை ஊற்றி ஏதோ முணுமுணுத்தாள். காய்ச்சலில் கிடந்த என் தம்பிக்கு வாங்கிய டின் பால் அது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

“அலமாக்! ஆளு சாகறதுக்கு முன்னாடியே குழி வெட்டிட்டாளா? அளந்து பாரு லா, உன் தம்பி அளவுதான் இருக்கும்.”

தூங்கும் தம்பியை ஒரு குச்சியால் அளந்தேன். மேட்டையும் அளந்தேன். சரியாக இருந்தது.

அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

“சித்தியப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, வாயில சூடு வெப்பேன்!”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். சித்தி அம்மாவையும் மயக்கிவிட்டாள் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தம்பிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்பா மருந்துக்காரரைக் கூட்டிவர ஓடினார். நான் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு ஓடினேன். முழங்கால் ஆழம் தோண்டியும் செம்மண்ணும் வேரும்தான் வந்தன. எலும்பில்லை, துணியில்லை. காலிக் குழி என் தம்பிக்காகக் காத்திருக்கிறது! மண்ணைத் தள்ளி மூடி, மேடே தெரியாமல் மிதித்துத் தட்டையாக்கினேன்.

நிமிர்ந்தால் எதிரே சித்தி, கையில் சிரட்டையோடு. கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை.

“தோண்டிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாராச்சும் இருந்தாங்களா?”

“யாரும் இல்ல.”

“எப்படி இருப்பான்? அவன் கப்பல்லயே போயிட்டான், உன் தம்பி வயசுதான் அவனுக்கும். தண்ணியிலதான் விட்டோம்.”

யார், எந்தக் கப்பல் என்று எனக்கு விளங்கவில்லை. மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரட்டைப் பாலைக் கீழே ஊற்றாமல், என்னைக் குடிக்கச் சொன்னாள். விஷமாக இருக்கும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தம்பி கண் விழித்துக் கஞ்சிக்கு அழுதான். என்னால்தான் பிழைத்தான் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தி அதன்பிறகு இடுகாட்டுப் பக்கமே போகவில்லை. குட்டு வெளிப்பட்டதால் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தம்பிக்கு அவள் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து அவள் கையையே கண்காணித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண் ஏன் கலங்குகிறது என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.