சக்கரத்தில் கட்டிய நீலக் கயிறு

காசிமேட்டு மீன் சந்தையில், எல்லோரும் அக்கா என்று அழைக்கும் மீன் வெட்டுகிற பெண்ணின் தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருக்கும். பழைய வலையிலிருந்து அறுத்தது, ஐந்தடி நீளம். மறுமுனை அவருடைய மூன்று வயது மகளின் இடுப்பில். அந்த ஐந்தடிக்குள் குழந்தை மீன் செதில்களைப் பொறுக்கி விளையாடும்.

ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நான் அங்கே மீன் வாங்குவேன். பல வாரங்கள் பார்த்துவிட்டு ஒருநாள், "கொழந்தையா, ஆட்டுக்குட்டியாம்மா இது? அவுத்து விடுங்க" என்றேன்.

"பால்வாடி தொறக்க ஒன்பதரை ஆவுது. மீனு அஞ்சுக்கே வந்துருது. வூட்ல யாரு கீறா? நீ வந்து குந்திக்கினு பாத்துக்கிறியா சார்?" என்றார் அக்கா, அரிவாள்மனையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"சாரு வஞ்சிரம் வெட்டட்டும், நீ புள்ளைய பாருக்கா" என்று பக்கத்து வண்டிக்காரி சிரித்தாள். ஆனால் மீன் வாங்க நின்றவர்கள் என்னோடு சேர்ந்து அக்காவைத் திட்டினார்கள். முகம் கறுத்துப்போய் அவர் முடிச்சை அவிழ்த்தார்.

அதற்கு மூன்றாவது ஞாயிறு அக்காவின் வண்டியில் ஆளில்லை. பக்கத்து வண்டிக்காரி சொல்லி, காவல் நிலைய வாசலில் அவரைக் கண்டேன். வியாழக்கிழமை கூட்டத்தில் குழந்தையை யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். "சொந்தக்காரங்க வீட்ல தேடிப் பாரு" என்று போலீசார் இரண்டு நாள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் உடன் போனதால் உள்ளே உட்கார வைத்தார்கள். புகைப்படம் கேட்டார்கள், எடுத்ததே இல்லை. பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்தில் போயிருந்தது. பையிலிருந்த என் நாட்குறிப்பைப் பிரித்து, கயிறு அவிழ்ந்த அந்த ஞாயிறு குழந்தையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன்: இடது புருவத்தில் தழும்பு, வலது காலில் மட்டும் கொலுசு. அப்படி ஒரு குழந்தை இருந்தது என்பதற்கு எழுத்தில் இருந்தது அவ்வளவுதான். எழுத்தர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"அதுக்குக் கீய இன்னா எழுதிகீற சார்?" என்றார் படிக்கத் தெரியாத அக்கா.

"வஞ்சிரம் வாங்குனது" என்றேன்.

அங்கே இருந்த வரி: 'கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். மனம் நிறைந்தது.'

பிச்சையெடுக்க வைக்கும் கும்பல் என்றார்கள் சிலர்; பிள்ளையில்லாத யாரோ என்றார்கள் சிலர். தூக்கிப் போனது யாரென்று எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவே அந்தக் குழந்தைக்கு இந்த ஊரில் இருந்த ஒரே காவல் ஐந்தடிக் கயிறு என்பது மட்டும் தெரியும்.

நான்கு வருடமாகிறது. குழந்தை கிடைக்கவில்லை. அக்கா புது வண்டி வாங்கியபோது பழைய கயிற்றை அதன் சக்கரத்துக்கு மாற்றிக் கட்டினார். போன ஞாயிறு, பக்கத்து வண்டிக்காரி தன் மகனை ஒரு கயிற்றில் கட்டியிருந்தாள். மீன் வாங்க வந்த ஒருவர், "ஏம்மா, பாவம், அவுத்து விடு" என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. "சார், நீ சொல்லு" என்றார் என்னிடம்.

இத்தனை வருடத்தில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னதற்காக அவர் என்னை ஒரு சொல் கேட்டதில்லை.

"அவுக்காதம்மா" என்றேன்.

அக்கா அடுத்த மீனை எடுத்தார். நீலம் வெளுத்த அவருடைய கயிற்றின் மறுமுனை சக்கரத்தடி ஈரத்தில் கிடந்தது.