அறுபத்து நான்காம் நிறுத்தம்

டெல்வின் நகரத்தில் கலைஞர் அல்லாத ஆள் ஒருத்திதான் இருந்தாள். ஆர்டிஸ் டாலஃப்சன், வயது அறுபத்தெட்டு, மேப்பிள் தெருவில் மூன்றாவது வீடு.

அவளுக்குக் கலையோடு பகை ஒன்றும் இல்லை. ஊரின் சலவை இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மூடி பரிசோதகராக இருந்தவள். வெள்ளை எனாமல் பூசிய மூடிகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒரு மூடிக்குப் பதினோரு விநாடி. தலையை இடப்பக்கம் சாய்த்து, வெளிச்சம் அதன்மேல் வழுக்கிப் போகிற விதத்தைப் பார்ப்பாள். கீறலோ குமிழோ இருந்தால் சிவப்பு ஒட்டுத்தாள். இல்லாவிட்டால் போகவிடுவாள்.

தொழிற்சாலையை மூடினார்கள். காலிக் கட்டடங்களை என்ன செய்வதென்று தெரியாத நகரசபை, கலை செய்ய வருகிற யாருக்கும் இடம் இலவசம் என்று அறிவித்தது. முதல் வருஷம் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் பல் டாக்டர் ப்ரொஹாஸ்கா மரம் செதுக்கத் தொடங்கினார். லூத்தரன் போதகர் பீர் பாட்டில்களை உடைத்துச் சன்னல் செய்தார். சவ அடக்கக் கடைக்காரர் கவிதைக்குப் போனார். அமைதியான இடம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தபால்காரர் நடனத்துக்காகத் தபாலைக் குறைத்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் ஊரில் ஆர்டிஸைத் தவிர யாரும் பாக்கியில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கலை நடை. மாலை ஐந்து மணிக்கு அறுபத்து மூன்று நிறுத்தங்களில் விளக்கு எரியும். கலைஞர் எவரும் தன் படைப்பின் பக்கத்தில், சீஸ் துண்டுகள் அடுக்கிய தட்டோடு நிற்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் நின்றுவிட்டதால் நடக்க ஆளில்லை. ஆர்டிஸ் நடந்தாள்.

அவளுக்குப் பார்க்கத் தெரிந்த விதம் ஒன்றுதான். படைப்புக்குப் பதினோரு விநாடி, தலை இடப்பக்கம். பிறகு "வித்தியாசமா இருக்கு" என்பாள். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வது டெல்வினில் வழக்கமில்லை. அவள் கண்ணில் குறை படாமல் இருந்ததும் இல்லை. கை அனிச்சையாகக் கோட்டுப் பைக்குள் போய், அங்கே இல்லாத சிவப்பு ஒட்டுத்தாளைத் தேடும். வெறுங்கையோடு வெளியே வந்து ஒரு சீஸ் துண்டை எடுத்துக்கொள்ளும். கலை மன்றத்தின் ஆண்டறிக்கையில், "ஒவ்வொரு நடைக்கும் அறுபத்து மூன்று வருகைகள், பாதியில் கிளம்பியவர் எவருமில்லை" என்று அச்சாகும்.

அந்த அக்டோபரில் பெவ் கைப்பர் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூடிப் பிரிவின் பழைய தோழி. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தில் 'மேல்மூடிகள்' என்ற அணியின் தலைவி.

"அடியே ஆர்டிஸ், நாம ஃபைனலுக்கு வந்துட்டோம்டி!"

"நெஜமாவா?"

"எதிர் டீமு காஃப்மன்வில். அந்த ஊருல கலையே கெடையாது. ராத்திரி பகலா பந்துதான் உருட்டுறாளுங்க. வர்ற வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு."

"பெவ், அன்னிக்கு முதல் வெள்ளி."

"தெரியும். நாம எப்பவும் ஆடுற செவ்வாக்கிழமைக்கு பௌலிங் கூடத்தை ஆபரா பாட்டு குரூப் எடுத்துக்கிச்சு. நான் என்ன பண்ண?"

"உன் பொம்மைங்க பக்கத்துல நீ நிக்க வேணாமா?"

"என் பொம்மைங்க தானா நிக்கும். உன்ன விட்டா நாலாவது ஆளு இல்லடி. மூணு பேரா போனா ஆட்டத்தையே அவளுங்களுக்குக் குடுத்துடுவாங்க."

தொலைபேசியை வைத்த ஆர்டிஸ், அலமாரியிலிருந்து பௌலிங் காலணியை எடுத்துத் துடைத்தாள். இருபது வருஷமாக உருட்டுகிறாள். அணி இறுதி ஆட்டத்துக்கு வருவது இதுவே முதல் தடவை. அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. இவ்வளவு ஆசையாக எதையாவது விரும்பியது கடைசியாக எப்போது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

மறுநாள் கலை மன்றச் செயலாளர் கெயில் ராடமாக்கர் வாசலில் நின்றாள், கையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக்கோடு.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன், ஆர்டிஸ்." அவள் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது.

"எதுக்கு இதெல்லாம்?"

"வீட்டுல மிஞ்சிடுச்சு." தட்டில் ஒரு துண்டுகூட வெட்டப்படவில்லை.

வானிலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள்.

"வெள்ளிக்கிழம மழை இல்லியாம்," என்றாள் கெயில்.

"நடக்கறவங்களுக்கு நல்லதுதான்."

"ஆமா. நடக்கறவங்களுக்கு." கெயில் கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர் ஒரு குதிரை செஞ்சிருக்காராம். பதினாலு மாச வேலை."

"பாவம்."

"போன தடவ போதகர் சன்னல் கிட்ட நீங்க தும்மினீங்க இல்ல? அவருக்குப் பதிமூணு செகண்டு கெடச்சுது. அதுலேர்ந்து டாக்டருக்குத் தூக்கமே இல்ல. நான் ஒண்ணும் சொல்ல வரல."

"நானும் ஒண்ணும் சொல்லலியே."

விடைபெற அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது முறையாக "அப்ப கெளம்பறேன்" என்று கெயில் கதவைப் பிடித்தபோது, ஆர்டிஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பெவ்வுக்கு நாலாவது ஆளு இல்லியாம். வெள்ளிக்கிழம ஃபைனலு."

டெல்வினில் இது கூச்சல் போட்டதற்குச் சமம். கெயிலின் முகம் வெளுத்தது. காரில் போய் உட்கார்ந்தாள், வண்டியைக் கிளப்பவில்லை. கால் மணி கழித்துத் திரும்பி வந்தாள்.

"உங்களையே ஒரு நிறுத்தமா போட்டுட்டா? அறுபத்து நாலு. பௌலிங் கூடம். கலைஞர்னா தன் படைப்புகிட்டயே நிக்கணும்னு விதியே இருக்கு. யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது."

"நான் கலைஞர் இல்லியே."

"இந்த ஊருல அதை யாரு கேட்டுருக்காங்க?"

இருவருக்கும் பெரிய நிம்மதி. நிறுத்தங்களைக் காட்டும் வரைபடமும் அச்சாகிவிட்டது. அறுபத்து நான்கு நிறுத்தங்கள், நடக்க ஒருத்தர்கூட இல்லை என்பது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் கெயிலுக்கு உறைத்தது.

ஏழு மணி வரை எல்லோரும் சீஸ் தட்டோடு நின்றார்கள். பிறகு போதகர் தபால்காரரை எட்டிப் பார்த்தார். தபால்காரர் தெருவை எட்டிப் பார்த்தார். வரைபடத்தில் ஆர்டிஸின் பெயரைக் கண்டவர்கள் ஒவ்வொருவராக விளக்கை அணைத்தார்கள்.

அவர்கள் தட்டுகளோடு பௌலிங் கூடத்துக்குள் நுழைந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. கடைசியாக உருட்ட வேண்டியவள் ஆர்டிஸ். ஜெயிக்க இன்னும் ஏழு கட்டைகள். கையில் இரண்டு வாய்ப்பு. பந்தை எடுத்துத் திரும்பியவள் திகைத்தாள். ஊரே பின்னால் நின்றது. தலைகள் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"இவங்க யாரு?" என்றாள் காஃப்மன்வில்காரி ஒருத்தி.

"பார்வையாளருங்க," என்றாள் பெவ். "புதுசு. பழக்கமில்ல."

ஆர்டிஸ் உருட்டினாள். பந்து பாதித் தடம் வரை ஒழுங்காகப் போய், ஓரப் பள்ளத்தில் விழுந்து, ஒரு கட்டையையும் தொடாமல் மறைந்தது.

பதினோரு விநாடி பார்த்தார்கள்.

"வித்தியாசமா இருந்துச்சு," என்றார் போதகர்.

"ரொம்பவே வித்தியாசம்," என்றார் தபால்காரர்.

ஆர்டிஸின் காதுமடல் சூடானது. சொன்னவர்கள் முகத்தில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷமும், மாதாமாதம், நிறுத்தத்துக்கு நிறுத்தம் இதைத்தானே வாரி வழங்கினோம் என்று நினைத்தாள்.

"வித்தியாசம் இருக்கட்டும்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தப்பு எங்கன்னு சொல்லுங்க."

எல்லோரும் சீஸைப் பார்த்தார்கள். சவ அடக்கக் கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்தார். கடைசியில் டாக்டர் ப்ரொஹாஸ்கா கையைத் தூக்கினார்.

"உங்க முழங்கை, ஆர்டிஸ். விடறப்ப வெளிப்பக்கமா போவுது."

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. கெயில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆர்டிஸ் முழங்கையைக் குனிந்து பார்த்தாள். விலாவோடு ஒட்டினாள். இரண்டாவது பந்தை விட்டாள். வேண்டியது ஏழு, விழுந்தது ஒன்பது.

பெவ் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கலைஞர்கள் மட்டும் அசையவில்லை. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. காஃப்மன்வில்காரிகள் கைதட்டிக் காட்டிய பிறகுதான் தட்டினார்கள்.

கூட்டம் கலைகையில் டாக்டர் மட்டும் நின்றார்.

"என் குதிரையையும் அப்படிச் சொல்லுவீங்களா?"

"எப்படி?"

"ஃபாக்டரியில மூடிங்களைச் சொன்ன மாதிரி."

"அது உங்க நிறுத்தத்துல இல்ல இருக்கு?"

"இல்ல. கார்ல கொண்டாந்துட்டேன்."

ஆர்டிஸ் முன்மேசைக்குப் போய், விலை எழுதி ஒட்டுகிற சிவப்பு ஒட்டுத்தாள் ஒரு சுருள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பௌலிங் காலணியோடே வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். டாக்டர் பின்கதவைத் திறந்து பிடித்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். ஏழாவது விநாடியிலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் பதினொன்று வரை பார்த்தாள். பிறகு குனிந்து, குட்டையாகிப்போன பின்னங்காலில் ஓர் ஒட்டுத்தாளைப் பதித்தாள்.

"இந்தக் காலு குட்டை, டாக்டர். மத்த மூணும் போகலாம்."

டாக்டர் ப்ரொஹாஸ்கா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால், தெருவிளக்கு வரைக்கும், சீஸ் தட்டுகளோடு ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது.